பூச்சிக்காரர் சட்டை உரிக்காத வருடம்

பூச்சிக்காரர் ஆண்டுக்கு ஒருமுறை சட்டை உரிப்பார். பாம்பு மாதிரி அல்ல, நண்டு மாதிரி. முதுகு நடுவே வெடித்து, மேலோட்டை அப்படியே விட்டுவிட்டு வெளியே வருவார். அருங்காட்சியகத்தில் கணுக்காலிகள் பிரிவுக்கு அவர்தான் அதிகாரி. ஆறு காலா, பூச்சி. எட்டா, சிலந்தியோ தேளோ. கணுவுக்கு ஒரு ஜோடியா, பூரான். இரண்டு ஜோடியா, மரவட்டை என்று ஆயுள் முழுக்கப் பிரித்து இழுப்பறைகளில் அடுக்கியவர். தன் சொந்த ஓட்டை எதில் சேர்ப்பது என்று மட்டும் அவருக்கே தெரியவில்லை. கையைச் சேர்த்து எண்ணினாலும் நாலுதான் வந்தது. மனைவி வருடா வருடம் அந்த ஓடுகளைக் கோட்டுகளுக்குப் பக்கத்தில் பீரோவில் மாட்டி, அந்துருண்டை போட்டு வைத்தார்.

மற்ற நாளெல்லாம் மனுஷர் படு கறார். உரித்த அன்று மட்டும், புது மேனி இறுகும்வரை வெண்ணெயாக இருப்பார். மனைவி இதைக் கல்யாணமான மறுவருடமே கண்டுபிடித்துவிட்டார். வாஷிங் மெஷின், பால்கனிக்கு ஒரு கதவு, தம்பியோடு சமாதானம், எல்லாம் அந்தச் சில மணி நேரத்தில் சாதித்தவை. மறுநாள் விறைப்பாக எழுந்து, "யாரைக் கேட்டு?" என்பார். "உங்களைத்தான்" என்பார் மனைவி.

மகள் விரும்பியது எலும்பு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டுப் பிரிக்கிறவனை. தங்கமான பையன். முதல் தடவை வீட்டுக்கு வந்தவன் சுவரைப் பார்த்து, "ஐயையோ, எட்டுக்கால் பூச்சி!" என்று துள்ளிவிட்டான். அத்தோடு போச்சு.

"எட்டுக் கால்னு அவனே சொல்றான், அப்புறம் பூச்சிங்கிறான். இவனுக்கா பொண்ணு?" என்று எழுந்து போய்விட்டார் பூச்சிக்காரர். தாயும் மகளும் அலட்டிக்கொள்ளவில்லை. உரிக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அவரும் லேசுப்பட்டவர் இல்லையே. முதுகு அரித்ததுமே இவர்கள் கணக்கு புரிந்துவிட்டது. பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இந்த வருடம் உரிப்பதில்லை என்று உட்கார்ந்துவிட்டார். உள்ளே உடம்பு வளர்ந்தது, ஓடு வளரவில்லை. விரல் மடங்கவில்லை, மூச்சு பாதிதான் போய் வந்தது. ஓட்டை உரிக்க முடியாத கணுக்காலி செத்துப்போகும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

"எனக்குக் கல்யாணமே வேணாம்பா, உரிச்சிடுங்க" என்று மகள் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவருக்கும் அழுகை வந்தது. சரி என்று முக்கிப் பார்த்தார். அதற்குள் ஓடு தடித்துப்போய், வெடிக்க மறுத்தது.

மாவுக்கட்டுக்காரனைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. மாவுக்கட்டு அறுக்கும் ரம்பத்தோடு வந்தான். முதுகைத் தட்டிப் பார்த்து, "சார், கொஞ்சம் கூசும், ஆடாதீங்க" என்று சொல்லிவிட்டு, கழுத்திலிருந்து இடுப்புவரை நூல் பிடித்த மாதிரி அறுத்தான். புதுத் தோலில் ஒரு கீறல் இல்லை. பூச்சிக்காரர் மெத்தென்று வெளியே வந்து அவன் தோளில் சாய்ந்தார். மூச்சு முழுசாக வந்ததும் வாய் திறந்தார்.

"மாப்ள, அது பூச்சி இல்லப்பா. சிலந்தி."

"சரிங்க மாமா" என்றான் அவன்.

இறுகுவதற்குள் ஆகட்டும் என்று மனைவி அன்றைக்கே எல்லோரையும் பதிவு அலுவலகத்துக்கு இழுத்துப்போனார். கல்யாணப் படத்தில் பூச்சிக்காரர் நிற்க முடியாமல் மருமகன் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். மறுநாள் விறைப்பாக எழுந்து, "யாரைக் கேட்டு?" என்று ஆரம்பித்தார். மருமகன் சுவரைக் காட்டி, "மாமா, சிலந்தி" என்றான். அவர் காப்பி குடிக்க உட்கார்ந்தார்.

இப்போதெல்லாம் உரிக்கும் நாளுக்கு மருமகன் ரம்பத்தோடு வந்துவிடுகிறான். பீரோவில் இடம் போதாமல் இன்னொரு பீரோ வாங்கினார்கள். அதையும் அன்றைக்குத்தான் கேட்டார்கள்.