கல்பூச்சிக் காலம்

மூன்றாவது மீனும் அவளுக்குத்தான் மாட்டியது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன், தன் மனைவியின் கூச்சலைக் கேட்டுத் திரும்பினான். அவள் கையில் தூண்டில் கம்பு வில்லாய் வளைந்திருந்தது. எப்போதும் அவனோடு தூண்டில் போட வரும் பூட்டுக்காரர், கரையிலிருந்தவர், தன் அறுபது வயதை மறந்துவிட்டு, கைவலையைத் தூக்கிக்கொண்டு கற்கள்மேல் தாவித் தாவி ஓடினார்.

"விடாத தங்கச்சி, நூலத் தளர விடாத!"

அள்ளியெடுத்த டிரவுட் மீனின் விலாவில் சிவப்புப் புள்ளிகள் ஈரத்தில் மின்னின. அவள் அதை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்துவிட்டு, பூட்டுக்காரர் சொல்லிக்கொடுத்தபடியே நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து மெல்ல ஆற்றிலேயே திரும்ப விட்டாள். அவனுக்குக் காலையிலிருந்து ஒரு மீனும் சிக்கவில்லை. "சூப்பர்" என்று சத்தமாகச் சொன்னான். சொல்லும்போதே தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

அந்த ஆற்றில் பன்னிரண்டு வருடமாகத் தூண்டில் போடுகிறான். வெயில் ஏறத் தொடங்கும் மாதத்தில் மூன்று வாரம்தான் கல்பூச்சிக் காலம். வருடக்கணக்கில் தண்ணீருக்கடியில் கற்களை ஒட்டி வாழ்ந்த பூச்சிகள் கரையேறி, முதுகுத் தோல் வெடித்து, றெக்கையோடு வெளியே வரும். விரலில் பாதி நீளம் இருக்கும். கரையோரக் கிளைகளில் அப்பிக் கிடந்துவிட்டு, பெண் பூச்சிகள் முட்டையிட நீர்மேல் இறங்கும்போது, நிழலைக் கண்டாலே ஓடி ஒளியும் டிரவுட்டுகள் அத்தனை எச்சரிக்கையையும் மறந்து மேலே பாயும். அந்தப் பூச்சியைப் போலவே தூண்டில் முள்ளில் ஒரு பொய்ப்பூச்சி கட்ட வேண்டும். பழுப்பு ஸ்பாஞ்சில் உடம்பு, மான் முடியில் றெக்கை, ரப்பர் இழையில் கால்கள். மூழ்காமல் மிதக்க வேண்டும். கடையில் ஆள் இல்லாத நேரங்களில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவனே கட்டுவான். பூச்சியை நீரோட்டத்தோடு விட்டுவிட வேண்டும், நூல் அதை ஒரு விரற்கடை இழுத்தாலும் மீன் திரும்பிப் போய்விடும். இதுதான் அவன் படித்த பாடம். காலையில் மனைவிக்கு அதை மூன்று முறை சொல்லியிருந்தான்.

அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. டவுன் பஸ் ஓட்டுகிறவள். கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாது. கம்பின் நுனியை லேசாக ஆட்டிக்கொண்டே இருந்தாள். பூச்சி நீர்மேல் தத்தித் தத்திப் போனது. மீன் அதைத்தான் துரத்தியது.

"முட்ட போட வர்ற பொட்டப் பூச்சி சும்மாவா மெதக்கும்? றெக்கைய அடிச்சுக்கிட்டுத் தத்தளிக்கும்ல?" என்றார் பூட்டுக்காரர். "தங்கச்சி கையில உசிரு இருக்குய்யா."

பன்னிரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து "பரவால்ல" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை அவனுக்குக் கிடைத்ததில்லை. அவனுக்கு வயிறு எரிந்தது. கட்டிய மனைவியைப் பார்த்தா, அதுவும் மீனுக்காகவா என்று தன்னையே அதட்டிக்கொண்டான். எரிச்சல் அதற்கெல்லாம் மசியவில்லை.

பதினோரு வருடமாக ஞாயிறும் அவளுக்கு வேலைநாள். டிப்போவில் முறையை மாற்றி ஞாயிறு லீவு கொடுத்ததும், "இனிமே நானும் உங்ககூட வர்றேன்" என்று ஆசையாகச் சொன்னவள் அவள்தான். அப்போது அவனுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்து, தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்திருந்தான்.

மூன்று மீன் பிடித்த அந்த ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவள் அக்காவுக்குப் போன் போட்டாள். "மூணு மீனுக்கா! தண்ணிக்குள்ள நின்னா தலைபாரமெல்லாம் எங்க போகுதுன்னே தெரியல. இத்தன வருஷமா இவரு இத எங்கிட்ட சொல்லவே இல்ல பாரேன்." அவள் குற்றமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவன் சோபாவில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். சொல்லாமல் இருந்தது மறந்ததனால் இல்லை. அந்த ஒன்றாவது தனக்கென்று இருக்கட்டும் என்றுதான்.

பூட்டுக்காரர் தெரு முழுக்கத் தண்டோரா போடாத குறை. செவ்வாய்க்கிழமை, காது உடைந்த கண்ணாடியோடு கடைக்கு வந்த மருந்துக்கடைக்காரர், "உங்க வீட்டம்மா ஆத்தையே கலக்கிட்டாங்களாமே! நீங்க கூடப் போய் டப்பா தூக்குறீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே திருகாணியை முறுக்கியதில் மரை வழுக்கிவிட்டது. புது ஃபிரேம் எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

சனிக்கிழமை மதியம் அவளுக்கென்று மூன்று பூச்சி கட்டினான். பழையதையெல்லாம் கிளையில் மாட்டித் தொலைத்துவிட்டாள். மூன்றும் அவன் கட்டியதிலேயே அழகானவை; மேசையில் வைத்தால் ஊர்ந்து போய்விடும் போலிருந்தன. கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு திருகாணி நறுக்கும் சின்னக் கத்தரிக் குறட்டை எடுத்தான். முதல் பூச்சியின் முள்முனையை வெட்டியது கை. தான் இல்லை என்று அப்போது சொல்லிக்கொள்ள முடிந்தது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. ரப்பர் கால்களைக் கீழே இழுத்துவிட்டு மறைத்தான்.

மறுநாள் அவனே அவள் நூலில் ஒரு பூச்சியை முடிந்துவிட்டு, மற்ற இரண்டையும் அவள் கையில் கொடுத்தான். அவள் ஆற்றில் கொஞ்சம் மேலே தள்ளிப் போனாள். பத்து நிமிடத்தில் முதல் மீன் பாய்ந்தது.

"ஐயோ, போச்சே!"

அடுத்தது. அதற்கடுத்தது. ஒவ்வொன்றும் பூச்சியைக் கவ்வி, கம்பை ஒரு இழு இழுத்துவிட்டுத் துப்பிவிட்டுப் போனது. அவள் சோர்ந்துவிடுவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ ஒவ்வொரு முறையும் குழந்தை மாதிரிக் கத்தினாள். "ஏங்க, எப்படி எகிறுச்சு பாத்தீங்களா?" அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். தன் பூச்சியைவிட அவள் பூச்சியைத்தான் அதிகம் பார்த்தான்.

சாய்ந்த மரத்தடியில், எதிர்பாராத நேரத்தில், அவன் கம்பு குனிந்தது. கனமான மீன். கால்மணி நேரம் மல்லுக்கட்டிக் கரை சேர்த்தான். முழங்கை நீளம் இருந்தது. "நல்ல மீனுய்யா" என்றார் பூட்டுக்காரர். பன்னிரண்டு வருடம் காத்திருந்த வார்த்தை வந்து, காதோடு நின்றுவிட்டது. அவள் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு ஓடிவந்து அவன் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "எனக்குத் தெரியும், இன்னிக்கு உங்களுக்குத்தான்னு!" பிறகு, "என்னங்க, சிரிக்கக்கூட மாட்டேங்கிறீங்க?" என்றாள்.

"குளிரு" என்றான்.

மீனை விட்ட பிறகு பூட்டுக்காரர் அவள் பக்கம் திரும்பினார். "அதென்னம்மா, ஒண்ணுகூட நிக்கல? அந்தப் பூச்சியக் கொண்டா."

அவள் கொடுத்தாள். அவர் ரப்பர் கால்களை நகத்தால் ஒதுக்கினார். நாற்பது வருடம் உலோகத்தை ராவியவர். முறிந்ததற்கும் நறுக்கியதற்கும் வித்தியாசம் அவருக்குத் தெரியும். முள்ளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அப்புறம் மெல்ல அவனைப் பார்த்தார். அவன் குனிந்து தன் நூலைச் சுற்றத் தொடங்கினான்.

அவளும் எட்டிப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண்கள் முள்ளில் கொஞ்சம் அதிக நேரமே நின்றன. சட்டைப் பையிலிருந்து மற்ற இரண்டையும் எடுத்து உள்ளங்கையில் வைத்து, கால்களை விலக்கினாள். கையை மூடிக்கொண்டாள்.

"கல்லுல பட்டு ஒடஞ்சிருக்கும்ணே" என்றாள். பூட்டுக்காரரிடம்தான் சொன்னாள்; பார்த்தது தன் கணவனை.

பூட்டுக்காரர் பூச்சியைத் திருப்பிக் கொடுத்தார். "எங்கிட்ட வேற இருக்கும்மா, தரட்டுமா?"

"வேணாண்ணே. இதே இருக்கட்டும்."

அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது. "இந்தா, நில்லு... நான்..." என்று வாயெடுத்தான். அவள் நிற்கவில்லை. நூலைக் கையில் சுருட்டிக்கொண்டு, வழுக்கும் கற்களில் ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைத்து, பழைய இடத்துக்கே போனாள். பூட்டுக்காரர் தன் பெட்டியைத் திறந்து எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

எதிர்க்கரைக் கிளைகளிலிருந்து பூச்சிகள் கும்பலாக இறங்கத் தொடங்கியிருந்தன. அவள் கம்பை வீசினாள். முனையில்லாத முள்ளோடு அந்தப் பொய்ப்பூச்சி போய் விழுந்து, தத்தளித்து, இரண்டடி நகர்ந்தது. மீன் பாய்ந்து நீர் உடைந்தது. கம்பு ஒரு கணம் வளைந்து, நிமிர்ந்தது. இந்த முறை அவள் கத்தவில்லை. நூலைத் திரும்ப இழுத்து, தலைக்கு மேலே மெதுவாகச் சுழற்றி, அதே இடத்தில் மறுபடி போட்டாள்.