பின்னங்காலுக்கு ஒரு முகம்

…திறந்ததும் நட, அவ்வளவுதானே, நடப்பது என்ன பெரிய வித்தையா, பால்குடி மறக்காத பிள்ளைகூடத் தத்தித் தத்தி நடந்துவிடுகிறது, உனக்கு மட்டும் என்ன கேடு என்று அவன் தன்னையே திட்டிக்கொண்டான், திட்டிய மூச்சு அவன் மாட்டியிருந்த கழுதைத் தலைக்குள்ளேயே சுற்றித் திரும்ப அவன் மூக்கில் வந்து இடித்தது, ரப்பர் வாசனை, பசை வாசனை, காலையில் கடித்த வெங்காயத்தின் வாசனை… கழுதையின் கண்கள் அவன் நெற்றிக்கு மேலே எங்கோ இருந்தன, அவன் பார்ப்பதெல்லாம் அதன் மூக்குத் துளைகள் வழியாகத்தான், இரண்டு பொத்தான் அளவு உலகம், அதில் இரண்டு மரக்கதவுகள், இதோ திறக்கின்றன, எக்காளம் ஊதுகிறது, விருந்து மண்டபம் முழுக்க ஜனம் எழுந்து நிற்கிறது, அவனும் நிற்கிறான்… ஏன் நிற்கிறான்? நடக்க வேண்டியவன் அல்லவா? நடந்தான், ஆனால் அதற்குள் எக்காளம் ஓய்ந்துவிட்டது, "கட்! கட்!" என்று டைரக்டர் கத்தியது இரண்டு அங்குல ரப்பரைத் தாண்டியும் நன்றாகவே கேட்டது. "மறுபடியும் லேட்டு! எக்காளமும் காலும் ஒண்ணா விழணும்யா! நாலு தடவை சொல்லிட்டேன்!" சொன்னார்தான், இல்லை என்று யார் சொன்னது, ஆனால் காலுக்கு அது ஏறவில்லையே.

இன்னும் ஒரே ஒரு டேக், அதுவும் சரியாக வராவிட்டால் தலையைக் கழற்றி டான்ஸரிடம் கொடுத்துவிடுங்கள் என்று அசிஸ்டெண்டிடம் சொல்லியாகிவிட்டது, அந்த டான்ஸர் அதோ ஓரமாக, சாக்ஸ் காலோடு எக்கி எக்கி நின்று உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறான், நல்ல பையன், காலையில் டீ வாங்கிக் கொடுத்தான், அவன்மேல் கோபப்படக்கூட வழியில்லை. பழைய பின்னங்கால் வேலைக்குத் திரும்பலாம் என்றால் அதுவும் கிடையாது, இப்போது எடுக்கிற இரண்டாம் பாகத்தில் கழுதைக்குப் பின்னங்காலே இல்லை. முதல் பாகத்தில் மனிதர்கள் அந்தத் தொலைதூரக் கிரகத்துக்குப் போனார்கள், அங்கே அறிவுள்ள கழுதைகள் இருந்தன, இவர்களோடு பேச அவற்றுக்கு விஷயம் ஒன்றும் இல்லாததால் கடைசிவரை பேசவில்லை, நாலு காலில் நடந்தன, பார்த்தன, போய்விட்டன. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று கேட்டவர்களை எல்லாம் கழுதைகள் திரும்பிக் கேட்கிற மாதிரி படம், பிய்த்துக்கொண்டு ஓடியது. இந்தப் பாகத்தில் கழுதைகள் மனிதர்களின் நகரத்துக்கு விருந்தாளியாக வருகின்றன, வந்த இடத்தில் நாற்காலிகளைப் பார்க்கின்றன, வீட்டுக்காரர்கள் இரண்டு காலில் நிற்கும்போது நாம் நாலு காலில் நிற்பது மரியாதையா என்று கூடிப் பேசி, எழுந்து நிற்கப் பழகிக்கொள்கின்றன. கதைக்கு நல்லதுதான். ஆனால் இரண்டு ஆள் போட்ட உடுப்பு ஒரு ஆள் உடுப்பாகிவிட்டது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனது போல, நாலு கால் தேய்ந்து இரண்டு கால்.

முதல் பாகத்தில் தலைவர் கழுதைக்கு ஒருத்தி முன்னங்கால், இவன் பின்னங்கால். யூனிட்டில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, முன்னங்கால் சாப்பிட்டாச்சா, பின்னங்காலை எழுப்புங்க, இப்படித்தான். மாதக்கணக்கில் குனிந்த முதுகோடு, அவள் இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, வாலின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு நடந்தவன் அவன். அவள் இடுப்பு லேசாக ஒரு பக்கம் சாயும், அதுதான் அவனுக்குக் 'கிளம்பு' என்ற சைகை, அதற்கு அரை நொடி கழித்து இவன் கால் எழும், பின்னங்கால் என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும். உலகமே பார்த்த படத்தை எடுக்கும்போது அவன் பார்த்தது அவள் முதுகு மட்டும்தான், அதுவும் இருட்டில். பார்த்த வரைக்கும் குறை ஒன்றும் இல்லை… அவள் சிரித்தால் உடுப்பு முழுக்கக் குலுங்கும், எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியாமலேயே இவனும் சிரிப்பான், சிரித்தால் பல் ஆடும், பல் ஆடினால் வால் ஆடும். அந்த வாலின் நடிப்பைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார்கள், தலைவர் கழுதையின் உள்மனம் வாலில் தெரிகிறது என்று. உள்மனமாவது ஒன்றாவது, அவள் சிரித்தாள் ஐயா! படம் முடிந்த கையோடு கல்யாணமும் முடிந்தது, 'ஏழு கழுதை வயசாச்சு, இப்பவாவது பண்ணிக்கிட்டானே' என்று அவன் அப்பா சொல்ல, மேடையில் இருந்த இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவே இல்லை.

இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். தலைவர் கழுதையின் வயிறு அப்படி இருக்கக்கூடாது என்று காஸ்ட்யூம் அக்கா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள், அவன் மனைவியேதான் டைரக்டரிடம் போய் நின்று, "அவருக்குக் குடுங்க சார், கழுதையோட நடை அவருக்குத் தெரியும், நான் பொறுப்பு" என்று வாங்கிக் கொடுத்தாள். அந்த 'நான் பொறுப்பு'தான் இப்போது டேக்குக்கு டேக் கனத்துக்கொண்டே போகிறது. அவனுக்கு முகம் வேண்டும் என்ற ஆசை இருந்ததா? இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். பிறக்கப்போகிற பிள்ளையைத் தியேட்டருக்குக் கூட்டிப்போய், அதோ அப்பா என்று காட்டும்போது, வாலைக் காட்டாமல் முகத்தைக் காட்ட ஒரு ஆசை, ரப்பர் முகமாக இருந்தால் என்ன, அதற்குள் இருப்பது இவன்தானே… ஆனால் கதவு திறந்ததும் கால் காத்திருக்கிறது. முன்னால் ஒரு இடுப்பு சாய வேண்டும் என்று காத்திருக்கிறது. முன்னால் யாரும் இல்லை, காற்றுதான் இருக்கிறது, இதை எப்படிக் காலுக்குச் சொல்வது?

மூக்குத் துளை இரண்டும் திடீரென்று இருண்டன, ஒரு குழல் உள்ளே நுழைந்தது. "குடி." அவள்தான். தண்ணீரை உறிஞ்சினான். மானிட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தவர்கள் எப்படி எழ விட்டார்கள்? "நான் வேணாம்னு சொல்லிடட்டுமா? டான்ஸர் நல்லாவே நடப்பான்" என்றான், கழுதைக்குள்ளிருந்து அது எப்படிக் கேட்டதோ தெரியவில்லை, குழல் சட்டென்று வெளியே போனது. "அடி வாங்குவே. எதுக்கு நிக்கிறே, அதைச் சொல்லு." "நீ முன்னால இல்லே… அதான்." பிறகு மூக்குத் துளையிலிருந்து அவள் காணாமல் போனாள், பின்னால் யாரோ வாலை ஒதுக்குவது தெரிந்தது, இரண்டு கைகள் அவன் இடுப்பில் வந்து உட்கார்ந்தன. "கேமரா மண்டபத்துக்குள்ளே இருக்கு, உன் பின்னால நின்னா என்னைத் தெரியாது. இந்தத் தடவை நான் பின்னங்கால்" என்றாள். அசிஸ்டெண்ட் ஏதோ ஆட்சேபம் சொன்னார், "கர்ப்பிணியோட வாயைக் கிளறாதீங்க" என்று பதில் போயிற்று.

கை அங்கேயே இருந்தது, எத்தனை சின்னக் கைகள், இத்தனை நாள் இவன் கைகள் அவளுக்கு எப்படிக் கனத்திருக்கும், அவள் ஒருநாள்கூடச் சொல்லவில்லையே… வயிறு வந்து முதுகில் முட்டியது, இப்போது இந்தக் கழுதைக்கு எத்தனை கால், எண்ணிப் பார்க்கச் சிரிப்பு வந்தது, சிரிக்காதே, வால் இப்போது உன்னிடம் இல்லை, வெளியே நின்று ரிமோட்டில் அதை ஆட்டுகிறவரிடம் இருக்கிறது, இருந்தாலும் பல் கயிற்றைத் தேடியது, கதவு, கதவு திறக்கிறது, இடுப்பில் ஏதோ, ஒரு துளி பாரம், சாய்ந்ததா தள்ளியதா, எக்காளம், அவன் கால் எக்காளத்தோடு போய்க் கம்பளத்தில் விழுந்தது! அடுத்த கால், மூன்றாவது கால், சரவிளக்கு குபீரென்று எரிந்தது, மண்டபம் முழுக்க முகங்கள், முதல் தடவையாக முகங்கள், எத்தனை விதமான மூக்கு, எத்தனை விதமான பயம், மந்திரி வேஷக்காரர் பூச்செண்டை நீட்டினார், கழுதை அதைத் தின்னாமல் மார்போடு அணைத்துக்கொண்டது, வரிசையின் கடைசியில் ஒரு பாட்டுக்காரி உண்மையாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இதையா அவள் இத்தனை நாள் முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்? அதனால்தான் அப்படிச் சிரித்தாளா?

ஓகே என்று டைரக்டர் கத்தியதும் கைதட்டல், ரிமோட்காரர் குறும்புக்கு வாலைச் சுழற்றிவிட்டார், டான்ஸர் ஓடிவந்து தலையைக் கழற்ற உதவினான், வெளிக்காற்று முகத்தில் பட்டதும் அவன் முதலில் அவளைத்தான் தேடினான். கதவோரம் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். "நல்ல வேளை தள்ளினே" என்றான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நான் எங்கே தள்ளினேன்? நீ கிளம்பினே, நான் கையை எடுத்தேன்." "ஏய், சும்மா சொல்லாதே, பாரம் தெரிஞ்சுதே." "சத்தியமா இல்லை. நீ எப்போ சாய்வேன்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன். எப்பவும் போல." எப்பவும் போலவா? அவன் பூச்செண்டைக் கீழே வைத்தான். "முதல் பாகத்துலயும் அப்படித்தானே" என்றாள் அவள், இது தெரியாதா என்பது போல, "உன் கை இடுப்புல அழுந்தும், அப்புறம்தான் நான் காலை எடுப்பேன். பின்னால இருக்கிறவன் தயாரான்னு தெரியாம முன்னங்கால் எப்படிப் போகும்?"

அவன் யோசித்தான்… அவள் சாய்ந்ததும் நான், நான் அழுத்தியதும் அவள், அப்படியென்றால் அந்தக் கழுதை ஓர் அடிகூட எடுத்திருக்க முடியாதே, ஆனால் மலை ஏறியதே, ஆறு கடந்ததே, அவ்வளவு தூரமும் யார் நடத்தியது? இப்போது இடித்தது யார்? கண் தானாக அவள் வயிற்றுக்குப் போனது, சேச்சே, உள்ளேயிருந்து உதைத்தாலும் இரண்டு அங்குல ரப்பரைத் தாண்டி அதெல்லாம் தெரியாது… தெரியாதுதான். "என்ன பார்வை?" என்றாள். "ஒண்ணுமில்லே, பசிக்குது." கையில் கழுதைத் தலையோடு அவனும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளுமாகச் சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்தார்கள், வாசலில் நீ போ என்று அவன் நின்றான், நீ போ என்று அவளும் நின்றாள், இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு பீறிட்டது, பின்னால் தட்டோடு நின்ற கூட்டம் "யாராவது ஒருத்தர் நடங்கப்பா!" என்று கத்தியது, அவன் கை அவள் இடுப்பில் இருந்தது, அவள் கை அவன் இடுப்பில் இருந்தது, யார் முதலில் கிளம்புவது என்று இந்தத் தடவை கவனித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தான், அதற்குள் இருவரும் உள்ளே வந்துவிட்டிருந்தார்கள்.