சர்க்கரைக் கட்டி

சலூன்காரர் ஒரு காலையில் வாடிக்கையாளரின் மீசையில் பாதியை மட்டும் எடுத்துவிட்டு, "அவ்ளோதான் சார்" என்று துண்டை உதறினார். தெரு கூடித் தீர்ப்பு எழுதியது: குடி. கை நடுங்குகிறது, வியர்க்கிறது, சொன்னதையே திரும்பச் சொல்கிறார், வேறென்ன சாட்சி வேண்டும்? "வாயில வாடையே இல்லையேப்பா" என்ற ஒருவரை யாரும் மதிக்கவில்லை. அவருக்குப் பாதி மீசைதானே இருந்தது.

மருந்துக்கடைக்காரர் சலூன்காரரின் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, "சர்க்கரையில கோளாறும்மா, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று மனைவியிடம் சொன்னார். ஏறிவிட்டதா, இறங்கிவிட்டதா என்று அந்தம்மா கேட்கவில்லை. நம்மவர்களுக்குச் சர்க்கரை என்றால் ஒரே வியாதி, ஒரே வைத்தியம். டாக்டர் அப்புறம், டப்பா முதலில் என்று சர்க்கரை டப்பாவைப் பீரோ மேல் ஏற்றினாள்.

அன்றிலிருந்து மனிதர் இன்னும் மோசமானார். காலையில் சொந்த மகளையே, "உட்காருங்க சார், ஷேவிங்கா கட்டிங்கா?" என்றார். தெருவே வாண்டு என்று கூப்பிடும் அந்தப் பெண்ணுக்கு அழுகை முட்டியது. டப்பா மேலே போனதிலிருந்துதானே இப்படி என்று நாற்காலி போட்டு ஏறி அதை இறக்கி, டீயில் இரண்டு கை சர்க்கரையைக் கொட்டிக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் சார் மறைந்து அப்பா வந்தார். பிறகென்ன, தினமும் திருட்டுதான்.

ஒரு நாள் வாண்டு அசந்து தூங்கிவிட்டாள். அன்று அவர் கடை வாசலிலேயே சுருண்டு விழுந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் என்னென்னவோ சோதனை. கடைசியில் டாக்டரம்மா, "கணையத்தில ஒரு சின்னக் கட்டி" என்றாள். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்ற வாண்டு சர்க்கரையையும் கட்டியையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தாள். விடை பயங்கரமாக இருந்தது.

"நான்தான் போட்டேன்! டீயில! அது கரையாம வயித்துல கட்டியாயிடுச்சு!"

"அடிப்பாவி!" என்றாள் அம்மா.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பெரிய விஷயம்தான்.

"இங்க வா. இது சர்க்கரைக் கட்டி இல்ல. இரைப்பைக்குப் பின்னாடி கணையம் இருக்கு. அது இன்சுலின்னு ஒண்ணு அனுப்பும். இன்சுலின் போய், ரத்தத்துல இருக்கிற சர்க்கரை உடம்புக்குள்ள போகக் கதவு திறந்துவிடும். சாப்பிட்டா நிறைய வரும், பட்டினின்னா அடங்கிடும். இந்தக் கட்டி அதே இன்சுலினைச் செய்யுது, ஆனா எப்ப நிறுத்தணும்னு தெரியாது. அதனால ரத்தத்துல சர்க்கரை காலி. மூளைக்கு முக்கியமான சாப்பாடே அதுதான். பசிச்சா அது உளறும்."

"குடிச்ச மாதிரியா?"

"அதே மாதிரி."

அம்மா சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தாள்.

"அப்ப என்னால இல்லையா?"

"நீ கொடுத்ததுதான் அவரை நிமிர்த்தி வச்சிருந்தது. ஆனா இனிமே பெரியவங்ககிட்ட சொல்லிட்டுச் செய். கட்டி பட்டாணி அளவுதான், எடுத்துடலாம். ரொம்ப அபூர்வமான நோய்."

"அபூர்வமா?" என்றாள் அம்மா. குரலில் லேசாகப் பெருமை. சாயங்காலத்துக்குள் தெருவின் பேச்சில் குடிகாரர் காணாமல் போய், யாருக்கும் வராத நோய் வந்தவர் உலவினார்.

ஆபரேஷன் முடிந்து அவர் கண் திறந்தபோது மறுபடியும் 'சார்' என்பாரோ என்று வாண்டு பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் பார்வை அவள் நெற்றியில் போய் நின்றது.

"நெத்தி முடிய யாருடி இப்படிக் கடிச்சு வச்சது?"

"நானேதான்ப்பா."

"தெரியுது. நான் வர்ற வரைக்கும் கத்தரியத் தொட்ட, கையை ஒடிச்சிடுவேன்."

வாண்டு வராந்தாவுக்கு ஓடினாள். "அம்மா! அப்பா என்னைத் திட்டிட்டாரு!" என்று அவள் போட்ட கூச்சலில் நர்ஸ் இரண்டு தடவை அதட்ட வேண்டியிருந்தது.