நெஞ்சின் மேல் ஒரு கை

"அங்க அழுத்தித் தேய்க்காதடி, வலிக்கும்."

செத்துப்போன தங்கை சுப்ரியாவின் நெஞ்சில் மஞ்சள் பூசிக்கொண்டிருந்த மைதிலியின் கை நின்றது. சுற்றி நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா தனலக்ஷ்மி மட்டும், தான் சொன்னது இன்னதென்று உணராமல், அடுத்த சொம்புத் தண்ணீரை மொண்டாள்.

கைக்குழந்தையாக இருந்தபோதே சுப்ரியாவின் நெஞ்சைப் பிளந்து இதயத்திலிருந்த ஓட்டையை அடைத்தார்கள். இனிப் பயமில்லை என்றார்கள். தழும்பும் அவளோடு சேர்ந்து வளர்ந்தது. இருபதைத் தாண்டியதும் வால்வு கசிந்து, இதயம் வீங்கி, காலும் வீங்கியது. நேற்றுக் காலை பல் தேய்த்துக்கொண்டே சரிந்தாள்.

வீட்டில் குடம் தூக்கியது, சிலிண்டரை மாடிக்குச் சுமந்தது எல்லாம் மைதிலிதான். படிப்பை விட்டுவிட்டு பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். ஊசி நகத்தைத் துளைத்த அன்று, "காப்பித்தூள் வெச்சு அமுக்கு" என்று சொல்லிவிட்டு அம்மா தங்கைக்கு ஈரல் வறுக்கப் போனாள். ஈரல் வாசனை இன்றும் மைதிலிக்கு ஆகாது.

இருப்பது ஒரே அறை. சுவரோரம் அம்மா, நடுவில் சுப்ரியா, கதவோரம் மைதிலி. அம்மாவின் கை இரவெல்லாம் தங்கையின் நெஞ்சில் கிடக்கும். துடிப்பு தப்புகிறதா என்று தூக்கத்திலும் பார்க்கிற கை.

"இந்தப் பக்கமும் உனுக்கு ஒரு பொண்ணு கீறா, தெரியுமா?" என்று மைதிலி ஒருமுறை கேட்டாள்.

"உனுக்கு இன்னாடி கேடு? குண்டுக்கல்லாட்டம் கீற" என்று அம்மா சிரித்தாள்.

மதியம் ஆண்கள் எடுத்துப்போனார்கள். வீடு கழுவித் தலைமுழுகியபின் அத்தை முத்தம்மா சோறு பிசைந்து கொண்டுவந்தாள்.

"என் ஒரே பொண்ணு போயிட்டாளே, அண்ணி!"

முத்தம்மா மைதிலியைப் பார்த்தாள். "அப்ப இவ இன்னா, தெருவுல கிடந்து எடுத்தியா? வாய மூடிக்கினு துன்னு."

மைதிலி பாத்திரங்களை அள்ளிக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது அத்தை போய்விட்டிருந்தாள். அம்மா சுவரோரம் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். பாயின் நடுவில் இடம் காலியாகக் கிடந்தது. மைதிலி கதவோரத்தைப் பார்த்தாள். பிறகு நடுவில் போய்ப் படுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அம்மாவின் கை தேடிக்கொண்டு வந்தது. அவள் நெஞ்சில் விழுந்து, விரல்கள் விரிந்து, அழுந்தின.

"மாத்திர போட்டியா?" கண் திறக்காமலே கேட்டாள்.

தன் குரல் தடித்த குரல் என்று மைதிலிக்குத் தெரியும். தங்கை இழுத்து இழுத்துப் பேசுவதுபோல் மெல்லச் சொன்னாள்.

"போட்டுட்டேம்மா."

கை அங்கேயே இருந்தது. மைதிலி மூச்சைச் சிறிது சிறிதாக விட்டாள். நெஞ்சுதான் சொன்னபடி கேட்கவில்லை. ஒரு துடிப்பும் தப்பாமல் அடித்துக்கொண்டிருந்தது.