பிரஷாந்தியின் முன்பல்

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கைதான் பேசும். கெலுகோரில் எங்கள் ஃபிளாட்டில் எல்லோருக்கும் இது தெரியும். என் புருஷன் கோகுலனுக்கு அக்கரையில், மாக் மண்டினில் வெல்டிங் பட்டறையில் வேலை. கடல் பாலத்தைக் கடந்து வீட்டுக்கு வந்ததும் மனுஷன் முதலில் என் முகத்தைப் பார்ப்பார். அதைப் பார்த்துவிட்டுத்தான் காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றுவார்.

எங்கள் மகள் பிரஷாந்திக்கு ஒன்பது வயது. மேல்வரிசை முன்பல் ஒன்று பாதி திறந்த கதவு மாதிரி திரும்பி நிற்கிறது. பள்ளியில் பிள்ளைகள் கேலி பண்ணிப் பண்ணி, அவள் வாய்விட்டுச் சிரித்தே ஒரு வருஷம் ஆகிறது. விரல் சப்பியதால் வந்த கேடு என்று ஊரெல்லாம் சொன்னவள் நான்தான். ஒன்பது வயதிலும் தூக்கத்தில் சப்புகிறாள், சனியன்! கட்டை விரலில் சிலிபாடி மிளகாயை அரைத்துத் தடவினேன். அதே கையால் கண்ணைக் கசக்கிக்கொண்டு அலறினாள். அலறியதற்கும் இரண்டு போட்டேன். போன வாரம் ராஃபியா கயிற்றால் மணிக்கட்டைக் கட்டிலோடு இறுக்கிக் கட்டினேன். காலையில் தோல் உரிந்து கிடந்தது.

"போதும்லா துளசி, சின்னப் பிள்ள," என்றார் கோகுலன்.

"நீங்க வாய மூடுங்க! நீங்க வந்து நிமித்துவீங்களா அந்தப் பல்ல?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

பள்ளிக்கூடத்துக்கு வந்த பல் நர்ஸ் கடிதம் கொடுத்தனுப்பினார். அதை எடுத்துக்கொண்டு நானும் பிரஷாந்தியும் ஜார்ஜ் டவுனில் ஒரு பல் கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் ராகினி எக்ஸ்ரே எடுத்துக் கணினித் திரையில் காட்டினார். "விரல் சப்புற பழக்கம்தான் டாக்டர். நல்லா திட்டி விடுங்க," என்றேன்.

"விரல் சப்புனா முன்பல்லு எல்லாம் சேர்ந்து வெளிய தள்ளும் அக்கா. இங்க ஒரே ஒரு பல்லுதான் திரும்பியிருக்கு. வேர பாருங்க, வளைஞ்சி கிடக்கு. சின்ன வயசுல பால்பல்லுல பலமா அடிபட்டிருக்கு. அது ஈறுக்குள்ள ஏறி, மேல வளந்துகிட்டிருந்த பெரிய பல்ல இடிச்சிருச்சி. எப்ப அடிபட்டிச்சி?"

நான் வாயைத் திறக்கும் முன்னே பிரஷாந்தி சொன்னாள். "நாலு வயசுல பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன். அம்மா அப்ப சமைச்சிக்கிட்டு இருந்தாங்க."

தேசியகீதம் பாடுவது போல நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள். ஒரு சொல் மாறவில்லை. நான் சொல்லிக்கொடுத்தது அப்படித்தான்.

பாத்ரூமாவது, வழுக்கியதாவது! சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தேன். மேசையோரம் நின்று விரல் சப்பினாள். "பல்லு கோணலாப் போவும், எடுடி," என்று மூன்று தடவை சொன்னேன். நாலாவது தடவை கையிலிருந்த கட்டையை ஓங்கி வீசினேன். அவள் விரலைத்தான் குறி வைத்தேன். வாயில் பட்டது. ரத்தம் மாவிலெல்லாம் தெறித்தது. பால்பல் ஈறுக்குள் போய்விட்டது. கேள்வி கேட்பார்களே என்று டாக்டரிடம் கொண்டுபோகாமல், ஐஸ் வைத்து அழுத்தி, பாத்ரூம் கதையை நூறு தடவை சொல்ல வைத்தேன். ஐந்து வருஷமாக அந்த விரலைப் போட்டு அடித்ததெல்லாம், குற்றம் விரலுடையது என்று நானே நம்பத்தான்.

டாக்டரின் கண் அவள் மணிக்கட்டில் நின்றது. "இது என்ன தழும்பு, பிரஷாந்தி?"

"இதுவும் விழுந்ததுதான்."

இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அடிப்பாவி துளசி, உன் பிள்ளை உனக்காகப் பொய்யைத் தானே கட்ட ஆரம்பித்துவிட்டாளே! உண்மையைச் சொன்னால் சமூகநல இலாகா வரும், அவளை என்னிடமிருந்து பிரித்தாலும் பிரிப்பார்கள். சொல்லாவிட்டால் இன்று ராத்திரி அந்தக் கயிறு மறுபடி என் கைக்கு வரும். எனக்கு என்னைத் தெரியும்.

"விழல டாக்டர். நான்தான் அடிச்சேன். சப்பாத்திக் கட்டையால. கையையும் நான்தான் கட்டினேன்."

"பொய்!" பிரஷாந்தி நாற்காலியிலிருந்து குதித்தாள். பல் கருவிகள் இருந்த தட்டை எட்டி உதைத்தாள். ஊசியும் கண்ணாடியும் தரையில் சிதறின. "அம்மா பொய் சொல்றாங்க! நான் விழுந்தேன்! நான்தான் விழுந்தேன்!" என் மார்பில் மாறி மாறிக் குத்தினாள். என் முன்கையைப் பிடித்து, சதை கிழியும்படி கடித்தாள். கிளினிக் நர்ஸ் ஓடிவந்து அவளை இழுத்தாள்.

"விடுங்க. கடிக்கட்டும்," என்றேன்.

அவளாகவே விட்டாள். உதட்டில் என் ரத்தம். "அவங்க ஒன்ன பிடிச்சிட்டுப் போயிருவாங்கம்மா," என்று தேம்பினாள். டாக்டர் போனை எடுத்தார்.

நான் கையைத் தூக்கினேன். பிரஷாந்தி சட்டென்று குனிந்து, இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் கண்ணைத் துடைக்கத்தான் தூக்கினேன்.