மேல்மாடியில் ஒருவர் தூங்குகிறார்

சற்குணத்தின் கணினியில் இரண்டு மாடிகள் இருந்தன. மேலே, காசு கொடுத்து வாங்கிய ஆபரேட்டிங் சிஸ்டம். கீழே, யாரும் திறந்து பார்க்கக்கூடிய இன்னொரு சிஸ்டம், இலவச லினக்ஸ். சற்குணம் சனிக்கிழமை கீழே குடிவந்துவிட்டான். கடிதம் மேலேயே தங்கிவிட்டது.

அது வெள்ளிக்கிழமை, நிச்சயமான பெண் வசுமதிக்குக் கோபத்தில் எழுதியது. நம் கல்யாணம் வேண்டாம் என்று மூன்று பக்கம். கோபம் வந்தால் இவனுக்குத் தமிழ் அப்படிப் பொங்கும். நல்லவேளை, அனுப்பவில்லை. இப்போது கோபம் போய்விட்டது. வசுமதி வேண்டும். கடிதத்தை ஒழிக்க வேண்டும்.

கீழே சுவரைக்கூட யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம். இரண்டு பேர் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். மேலே போகும் மாடிப்படிக்கு மட்டும், லினக்ஸ்காரர்களுக்கு உதவும் மங்கையர்க்கரசி என்ற தன்னார்வலரைக் கேட்க வேண்டும்.

"இதையே முன்னாடி யாராவது கேட்டிருக்காங்களான்னு தேடினீங்களா?"

"தேடினேங்க. பன்னிரண்டு வருஷம் முன்னாடி ஒருத்தர் கேட்டிருக்கார். மறுநாள் 'சரியாயிடுச்சு'ன்னு அவரே எழுதிட்டுப் போயிட்டார்."

"அப்ப சரி," என்று அவர் ஒரு வரி கட்டளை தட்டினார். படி வந்து நின்றது.

மேலே கட்டிலில் வெள்ளிக்கிழமைச் சற்குணம் தூங்கிக்கொண்டிருந்தான். சட்டைகூட மாற்றவில்லை. மேஜைமேல் கடிதம். படிக்க முடிந்தது. கிழிக்கப் போனால் விரல் வழுக்கியது.

"பார்க்கலாம், மாத்த முடியாது," என்றார் மங்கையர்க்கரசி கீழிருந்து. "அவர் சிஸ்டத்தை ஒழுங்கா மூடிட்டுப் போகலை, அப்படியே தூங்கறார். தூங்கறவர் சாமான்ல நாங்க கை வைக்கறதில்லை."

"எழுப்பட்டுமா?"

"எழுப்புங்க. அவர் முழிச்சா நீங்க தூங்கிடுவீங்க. ஒரு நேரத்துல ஒருத்தர்தான். முழிச்சு என்ன பண்ணுவார்?"

"முதல் வேலையா கடிதத்தை அனுப்புவார்."

அவனைப் பற்றி அவனுக்குத் தெரியாதா? செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினான்.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. நாதஸ்வரக்காரர் ஊதாமல் விரல்களை மட்டும் அசைத்தார். தவில்காரர் தவிலைத் தடவிக்கொடுத்தார். பந்தியில் அப்பளத்தைச் சாம்பாரில் ஊறவைத்துச் சாப்பிடச் சொன்னார்கள். ஒரு சித்தப்பா தும்மலை அடக்கி அடக்கி மண்டபத்துக்கு வெளியே ஓடினார்.

தாலியை எடுத்தபோது வசுமதி அவன் பக்கம் சாய்ந்தாள்.

"ஏன் யாருமே சத்தம் போடலை?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "மேல ஒருத்தன் தூங்கறான். முழிச்சா வம்பு."

வசுமதி இன்னும் நெருங்கினாள்.

"நல்லதாப் போச்சு," என்றாள் காதோரம். "மேளம் வேண்டாம்னு நானே கேக்கலாம்னு இருந்தேன். என் மாடியிலயும் ஒருத்தி தூங்கறா."

"கோபக்காரியா?"

"ரொம்ப."

சற்குணத்துக்கு அவள்மேல் இதுவரை இல்லாத பிரியம் வந்தது. சத்தம் வராமல் முடிச்சை இறுக்கிப் போட்டான்.