அலமாரிக்குள் அணில்

"அவ வாயைப் பாக்காத! இங்க வா!"

மாமியார் போட்ட சத்தத்தில் குழந்தையின் கையிலிருந்த டேப்லெட் நழுவித் தரையில் விழுந்தது. நாலரை வயசு. 'மரம்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டு, ம், அ, ர் என்று தனித்தனியாகச் சொல்லத் தெரிந்தும் ஒட்டவைக்கத் தெரியாமல், பின்கட்டு அறைக்குப் பெரியம்மாவைத் தேடி வந்திருந்தாள். பெரியம்மாவும் மண்டியிட்டு, "உதட்டைப் பூட்டிக்கோ, என் வாயைப் பாரு" என்று தொடங்கியிருந்தாள். அவ்வளவுதான் குற்றம்.

"முதமுதல்ல எழுத்துக் கூட்டுற புள்ள" என்றாள் மாமியார், பேத்தியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. "நல்லா வாழுற வாயிலேருந்து வரணும். புருஷனை முழுங்கின வாயிலேருந்தா வரணும்?"

ஓர்ப்படி கதவோரம் நின்று டேப்லெட்டைப் பொறுக்கித் துடைத்தாள். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. எனக்கு இருக்கறது ஒண்ணே ஒண்ணு."

"சரிங்க அத்தை" என்றாள் மூத்த மருமகள். கதவு மூடப்பட்டது.

கணவன் இருந்தவரை அவள் பாலர் பள்ளி ஆசிரியை. நடைப்பயிற்சிக்குப் போனவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பூங்கா பெஞ்சில் சாய்ந்தபோது அவள் வகுப்பில் இருபது குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பாட்டுக்கும் அந்தச் சாவுக்கும் முடிச்சுப் போட மாமியாருக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஊரார் பிள்ளைகள் காலையில் எழுந்து அவள் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று வேலையை விடச் சொன்னார்கள். இந்த இரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் அவள் பேசியதையெல்லாம் அள்ளினால் ஒரு கை நிறையாது. சரிங்க அத்தை. ஆச்சுங்க அத்தை. அதையும் தொண்டைக்குள்ளேயே சொல்லிப் பழகிவிட்டாள். அவள் குரல் எப்படியிருக்கும் என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியாது.

ஆனால் அவளிடம் ஒரு அலமாரி இருந்தது.

பழைய பள்ளித் தோழி ஒருத்தி குழந்தைகளுக்கு ஒலிகளைச் சொல்லித்தரும் செயலி செய்யும் கம்பெனியில் சேர்ந்திருந்தாள். "உன் குரல் எனக்கு வேணும்டி. ஸ்டூடியோ வரமுடியாதா? துணி அலமாரிக்குள்ள உக்காரு, எதிரொலி வராது" என்று ஒரு மைக்கைக் கொடுத்தாள். மத்தியானம் மாமியார் கண்ணயர்ந்ததும், கணவனின் கோட்டுகளுக்கும் கம்பளிகளுக்கும் நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். க் என்றால் க் மட்டும்தான். பின்னால் ஒரு 'உ' வாலாக முளைத்தால் குழந்தை ஒலிகளைச் சேர்க்கும்போது தடுமாறும். அந்த வாலை வெட்ட ஒரு மத்தியானத்தில் நாற்பது தடவை க் சொல்லியிருக்கிறாள். ப் சொல்லும்போது உதட்டுக்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடிப்பாள். அது துடித்தால் சரி. ம் மட்டும் தேனீ மாதிரி நீளலாம்.

வெளியே அது முனகலாகத்தான் கேட்டது. "மத்தியானமானா அலமாரிக்குள்ள பூந்துக்கிட்டு அழுவா" என்று மாமியார் தங்கையிடம் ஃபோனில் மெச்சிக்கொண்டாள். "அந்த வரைக்கும் ஒழுங்கா துக்கம் காக்குறா."

செயலியில் அவள் அணில் அக்கா. கீச்சுக் குரல், ஓயாத சிரிப்பு. "கொட்டை வேணுமா? காதைக் கொடு!" என்று அணில் கேட்டால் குழந்தை "கொடுத்தாச்சு!" என்று கத்த வேண்டும். ஒலியைச் சரியாகச் சொன்னால் அணிலுக்கு ஒரு கொட்டை. பாப்பா படிக்கும் தெருக்கோடிப் பள்ளி அதைத்தான் வகுப்புக்கே வாங்கிப் போட்டது. வாங்கிய நாளிலிருந்து வீட்டுக் கூடத்தில் அவளுடைய குரல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது.

"யாரு பெத்த மகராசியோ!" என்பாள் மாமியார், சோபாவில் சாய்ந்தபடி. "இப்படி வாய் நிறையச் சிரிக்கிற மாதிரி ஒரு மருமக எனக்கு வாய்க்கலையே."

பின்கட்டில் அவள் அதைக் கேட்பாள். ஒவ்வொரு புகழ்ச்சியையும் எடுத்துப் பத்திரமாக ஊறப்போடுவாள். வெளியே தெரிந்தால் வேலையும் போகும், தங்க இடமும் போகும் என்று பயந்த காலம் ஒன்று உண்டு. டேப்லெட் விழுந்த அன்று மத்தியானம் பயம் போய்விட்டது. தோழிக்கு ஃபோன் செய்து ஸ்டூடியோ பக்கத்தில் ஒரு அறை பார்க்கச் சொன்னாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தாள்.

அந்த ஞாயிறு வகுப்புக் குழந்தைகளின் வாசிப்பு இவர்கள் வீட்டில். அதே கட்டடத்தில் குடியிருக்கும் நான்கு தாய்மார்கள், பிள்ளைகள், பள்ளி ஆசிரியை எல்லோரும் வந்தார்கள். "அவங்க போற வரைக்கும் தலையைக் காட்டாத" என்று உத்தரவு. "சரிங்க அத்தை" என்றாள், பெட்டியை மூடிக்கொண்டே.

கூடத்தில் குழந்தைகள் ஆளுக்கொரு சொல் வாசித்துக் கைதட்டு வாங்கினார்கள். ஆசிரியை செயலியைப் புகழ, மாமியாருக்குத் தாங்கவில்லை.

"எல்லாம் அந்த அணில்காரியோட வாய் ராசிங்க. அவ நல்லா வாழ்ற பொண்ணுதான், குரல்லயே தெரியுதே! அந்த வாயாலதான் எங்க பேத்தி எழுத்தைக் கத்துக்கிட்டா."

பின்கட்டுக் கதவு திறந்தது. அவள் கூடத்தின் நடுவே வந்து நின்றாள். மாமியாரின் முகம் கறுக்கும் வரை பொறுத்திருந்து, வாய் நிறையச் சிரித்தாள்.

"கொட்டை வேணுமா? காதைக் கொடு!"

"கொடுத்தாச்சு!" ஐந்து குழந்தைகளும் ஒரே மூச்சில் கத்தின. தாய்மார்கள் டேப்லெட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். அது அணைந்து கிடந்தது.

"ம்ம்ம்…" என்றாள் அவள். குழந்தைகளும் சேர்ந்துகொள்ள, கூடம் தேன்கூடானது.

கீழ்வீட்டுக்காரி முதலில் வாய் திறந்தாள். "அப்போ எங்க வீட்டுல பேசறதும்…"

"நான்தாங்க."

"எனக்கு முன்னாடியே தெரியுமே!" என்றது குழந்தை, தின்றுகொண்டிருந்த பிஸ்கட்டை நிறுத்தாமல். "பெரியம்மா அலமாரியில கேக்கும்."

மாமியார் சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அழிடா அதை! இப்பவே அழிடா!"

பாப்பாவின் அப்பாவான கொழுந்தன் டேப்லெட்டை எடுத்து எதை அமுக்குவது என்று தெரியாமல் தடவினான்.

"அழிங்க தம்பி, நான் காட்டித் தரவா?" என்றாள் அவள். "அதுலேருந்து அழிச்சிடலாம். பாப்பா வாயிலேருந்து எதை வச்சு அழிப்பீங்க? அவ சொல்ற ஒவ்வொரு ஒலியும் இங்கேருந்து போனது." உதட்டைத் தொட்டுக் காட்டினாள். "புருஷனை முழுங்குச்சுன்னு சொன்னீங்களே அத்தை, அதே வாய்தான். இனி அவ உங்களைப் பாட்டின்னு கூப்பிட்டாலும் அது என் வாய்தான்."

"இந்த வீட்டுல இனி உனக்கு இடமில்ல!"

"தெரியும். வண்டி சொல்லியாச்சு."

குழந்தையின் தலையில் கை வைத்தாள். இம்முறை யாரும் இழுக்கவில்லை. இத்தனை பேர் பார்வையில் எப்படி இழுப்பது? ஓர்ப்படி மட்டும் தரையைப் பார்த்தபடி, "நாளைக்கு ஸ்கூல்ல அடுத்த பாடம் கேப்பாங்களே…" என்று யாரிடமென்றில்லாமல் முனகினாள்.

வண்டி வரத் தாமதமானது. அவள் கட்டட வாசலில் பெட்டியோடு நின்றாள். விருந்தினர் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். குழந்தைகள் நடந்ததை நம்பாமல் உடனே செயலியைத் திறந்திருக்க வேண்டும். முதலில் கீழ்வீட்டிலிருந்து அவள் குரல் வந்தது. அப்புறம் எதிர்வீடு. பிறகு மேல்மாடி. கொட்டை வேணுமா, காதைக் கொடு. நாலு வீட்டிலும் நாலு அவள்கள் சிரித்தார்கள். நிமிர்ந்து பார்த்தாள். மாமியார் கூடத்து ஜன்னலைப் படாரென்று சாத்தினாள். அடுத்ததற்கு ஓடினாள். சமையலறை. படுக்கையறை.

வண்டிக்காரர் வந்து பெட்டியைத் தூக்கினார். "கிளம்பலாமாம்மா?"

"கொஞ்சம் இருங்கண்ணே" என்றாள் அவள், தலையைக் குனியாமல். "மேல இன்னும் ரெண்டு ஜன்னல் திறந்திருக்கு."